ஆடிச் சீரில் இரண்டு காந்தம்

கடலூர் முதுநகர்
19.7.2025

லேகா,

நான் கடைசியாக எழுதிய கடிதம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில், எங்கள் தெருவுக்கு நூலகம் வேண்டி. அதற்கும் இன்றுவரை பதில் வரவில்லை.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அம்மா போனிலிருந்து பேசினால், "அத்தை, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று தேனாக உருகுகிறாய். பக்கத்தில் நான் இருமினால் போதும், லைன் கட். வண்டியை எடுத்துக்கொண்டு கீரப்பாளையம் வந்துவிடலாம் என்றால் ஆடி மாதம். புது மாப்பிள்ளை ஆடியில் மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றால் ஊர் சிரிக்கும் என்று அம்மா சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இங்கேயும் மூச்சுவிட நேரமில்லை. கோயிலுக்குக் கோயில் கூழ் ஊற்றுகிறார்கள், எங்கே பார்த்தாலும் நம்முடைய ஸ்பீக்கர்தான். ஊருக்கெல்லாம் என் குரல் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்கவில்லை.

அப்படி என்ன சொல்லிவிட்டேன்? உன்னை ஆடிக்கு அழைத்துப்போக உன் அப்பா அம்மா வந்த அன்று பந்தியில் தங்கம்மாள் அத்தை கேட்டது உனக்கே தெரியும். "ஏண்டா அருணு, கல்யாணம் ஆயும் படிச்சிகினே இருக்காளே, எப்பதான் முடிப்பா?" நான், "இந்த ஆடியோட சரி அத்தை, ஆவணிலேருந்து வூட்லதான் இருப்பா" என்றேன். அப்பாவின் அக்கா, வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார், அதற்காக ஒரு வார்த்தை போட்டேன். நீ பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாய். அது அம்மா உனக்காகவே பச்சரிசி போட்டு வைத்த பாயசம்.

திட்டியாவது பதில் போடு.

அருண்பாண்டியன்


கீரப்பாளையம்
22.7.2025

அமிர்தம் சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. திட்டச் சொன்னீர்கள், தொடங்குகிறேன்.

யாரைக் கேட்டு "ஆடியோட சரி" என்றீர்கள்? பெண் பார்க்க வந்த அன்று எங்கள் மொட்டைமாடியில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் பிஎச்.டி. முடிக்கணும், அப்புறம் வேலைக்கும் போவேன்." நீங்கள், "அதுக்கென்ன, ஜம்முனு படி" என்றீர்கள். அந்த ஜம்மு எங்கே போயிற்று? என் அப்பாவையும் அம்மாவையும் எதிரில் வைத்துக்கொண்டு என் படிப்புக்குத் தேதி குறிக்கிறீர்கள். மாப்பிள்ளையே சொல்லிவிட்டார் என்று அப்பா தலையை ஆட்டுகிறார். இங்கே இப்போது யாரும் "எப்போ முடியும்" என்று கேட்பதில்லை, "அதான் ஆடியோட முடியுதே" என்கிறார்கள்.

நான் என்ன செய்கிறேன் என்றாவது உங்களுக்குத் தெரியுமா? "கரியில ஏதோ ஆராய்ச்சி" என்று நண்பர்களிடம் நீங்கள் சொன்னதைக் கேட்டேன். அது வெறும் கரி இல்லை. கரியால் ஆன நுண்குழாய்கள், தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியவை. கரண்ட் அதில் பிரமாதமாக ஓடும். ஆனால் சும்மா விட்டால் வைக்கோல் மாதிரி தாறுமாறாகக் கிடக்கும். எல்லாம் ஒரே திசையில் படுத்தால்தான் பிரயோசனம். கரிக்குழாய் காந்தத்தைச் சட்டை செய்யாது. அதனால் அதன் உடம்பெல்லாம் காந்தத்துக்குக் கட்டுப்படும் இரும்பு ஆக்சைடு துகள்களை ஒட்டவைத்திருக்கிறேன். இனி அதைக் காந்தப்புலத்தில் வைத்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி வரிசையாக நிற்க வேண்டும். ஒட்டவைத்துவிட்டேன், நிற்கத்தான் மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 13 அன்று சிதம்பரத்தில் குழுவின் முன்னால் பேச வேண்டும். வரிசையாக நின்ற படத்தைக் காட்டிவிட்டால் ஆய்வேட்டை எழுதத் தொடங்கலாம். காட்டாவிட்டால் இன்னும் ஆறு மாதம் போகும். பெரிய மின்காந்தத்துக்குக் காத்திருப்பவர்கள் ஏகப்பட்ட பேர், என் முறை ஆவணியில்தான் வரும். அந்த ஆறு மாதத்தை எனக்கு யார் கொடுப்பார்கள்? ஒருவரும் தடுக்க வேண்டியதில்லை, சோறாக்குவதும் விருந்துக்குப் போவதுமாக நானே மெதுவாக நின்றுபோவேன். எனக்கு அதுதான் பயம்.

சொன்ன வார்த்தையை, சொன்ன ஆளிடம், சொன்ன வாயாலேயே திரும்ப எடுக்கும்வரை போன் திறக்காது.

சந்திரலேகா
முனைவர் பட்ட ஆய்வாளர்

பாயசத்துக்கு அத்தையிடம் போனிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீங்கள் அதற்குள் நுழைய வேண்டாம்.


கடலூர் முதுநகர்
25.7.2025

முனைவர் பட்ட ஆய்வாளர் அவர்களுக்கு,

உன் கடிதத்தை ஜெனரேட்டர் மேல் உட்கார்ந்து படித்தேன், மறுபடியும் படித்தேன். அந்த மொட்டைமாடியை நினைத்ததும் வெட்கமாகப் போய்விட்டது. ஜம்முனு என்று சொன்னது நான்தான். கொடியில் மிளகாய் வற்றல் மாதிரி ஒரு சிவப்புத் துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது, அதுவரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

உடனே தங்கம்மாள் அத்தை வீட்டுக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் சுடச்சுட வடை வந்துவிட்டது. "லேகா வர்றதுக்குள்ள மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சிடுடா" என்றார். "சரி அத்தை" என்றேன். வடையைத் தின்றேன், வந்துவிட்டேன். பத்தாயிரம் பேர் கூடுகிற இடத்தில் மைக் பிடித்து ஹலோ சொல்கிறவனுக்கு, ஒரு கிழவி முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நீ திட்டுவதற்கு முன்னால் நானே திட்டிக்கொண்டேன். இன்னொரு முறை போவேன்.

அது போகட்டும், நான் கேட்க வந்தது வேறு. காந்தம் என்று எழுதியிருக்கிறாயே, நம் குடோனில் புகைந்துபோன பெரிய ஸ்பீக்கர்கள் குவிந்து கிடக்கின்றன. காகிதம் கிழியும், சுருள் கருகும், பின்னால் இருக்கிற வட்டக் காந்தம் மட்டும் சாகவே சாகாது. என் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அது உனக்கு ஆகுமா, இல்லை அபத்தமா? எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும்.

அருண்


கீரப்பாளையம்
28.7.2025

திரு. அருண்பாண்டியன்,

வடை நன்றாக இருந்திருக்கும்.

காந்த விஷயத்தை என் கைடு பிரிசில்லா மேடத்திடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "உடனே கேட்டு வாங்கும்மா, எங்க காலத்துல சைக்கிள் டைனமோவையே பிரிச்சிருக்கோம்" என்றார். ஆகவே கேட்கிறேன். இது ஆராய்ச்சித் தேவை, சமாதானம் என்று நினைத்துக்கொண்டு குதிக்க வேண்டாம்.

ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒரே அளவு, ஒரே பலம், விளிம்பு உடையாதது. ஏனென்றால் ஒற்றைக் காந்தத்தை வைத்து ஏற்கெனவே பார்த்துவிட்டேன். அது இழுக்கத்தான் செய்யும். குழாயெல்லாம் அதன் பக்கம் ஓடிப்போய்க் குப்பலாக அப்பிக்கொள்ளும். இரண்டை எதிரெதிர் முனை பார்த்தபடி நேருக்கு நேர் நிறுத்தினால், நடுவில் இருப்பதற்கு எந்தப் பக்கமும் ஓட வேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே திரும்பி ஒழுங்காக நிற்கும். நம் வீட்டில் ஒற்றைக் காந்தம்தான் வேலை செய்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. உங்களுக்கே அப்படித் தோன்றினால் நான் பொறுப்பில்லை.

சீக்கிரம் அனுப்புங்கள். இரண்டும் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும், நடுவில் கட்டையோ தெர்மகோலோ வையுங்கள். விரல் பத்திரம்.

லேகா


கடலூர் முதுநகர்
31.7.2025

லேகா,

"விரல் பத்திரம்" என்ற உன் வரி இங்கே வந்து சேர்வதற்கு முன்பே நசுங்கிவிட்டது. காந்தங்களை முன்கூட்டியே கழற்றலாம் என்று உட்கார்ந்தேன், இரண்டும் சேர்ந்து கவ்விக்கொண்டன. கட்டை விரலில் கட்டு. ஆனாலும் அந்த வரியைத்தான் எல்லாரிடமும் படித்துக் காட்டினேன். உனக்கு என்மேல் கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இல்லையென்றால் விரலைப் பற்றி எழுதுவாயா?

அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடா அது?"

"லேகாவுக்கு அனுப்பறேன்மா. அவ பரீட்சைக்கு."

"ஆடிச் சீர் பொண்ணு வூட்லேருந்துதான வரும்? இங்கேருந்து அனுப்புறது எந்த ஊரு வழக்கம்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, குடு, நான் கட்டறேன். உனக்கு மூட்டை கட்டவே தெரியாது" என்று வாங்கிக்கொண்டார். நடுவில் தெர்மகோல் வைத்து, பழைய துண்டில் சுற்றி, அவரே தைத்தும் கொடுத்தார்.

தபால் ஆபீசில் ஒரு கூத்து. எடை போடும் மெஷினில் வைத்ததும் பார்சல் தட்டோடு ஒட்டிக்கொண்டது. எடுத்தால் மெஷினே எழுந்து வருகிறது. "உள்ள இன்னா சார்?" என்றார் அந்த அம்மா. "காந்தம்" என்றேன். "யாருக்கு?" "பொண்டாட்டிக்கு." வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பின்னால் ஒருவர், "சார், அட்ரஸ் குடுங்க, எனக்கும் ரெண்டு வேணும்" என்றார்.

நன்றாக நிற்கட்டும் உன் குழாய்கள்.

அருண்


கீரப்பாளையம்
5.8.2025

அருண்,

காந்தங்கள் வந்தன. நல்ல காந்தங்கள். அதில் குறையே இல்லை, குறை என்னிடம்தான்.

இரண்டையும் நிமிர்த்தி நிறுத்தி, நடுவே கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சிவப்பு. கறுப்பாக இருக்க வேண்டிய சொட்டில் சிவப்புச் சிவப்பாகத் துகள்கள். இரும்பு ஆக்சைடு கறுப்பாக இருந்தால்தான் காந்தத்துக்குக் கட்டுப்படும். சிவந்துவிட்டால் துரு, அதைக் காந்தம் மதிக்காது. காந்தத்தைச் சுழற்றிப் பார்த்தேன், அந்தத் துகள்கள் அசையவே இல்லை. என் குழாய்களெல்லாம் அதைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி கும்பலாகக் கிடக்கின்றன. காற்றுப் பட்டதால் துருப்பிடித்ததோ என்று, காற்றே படாமல் புதிதாக ஒரு முறை செய்தேன். பாட்டிலில் கறுப்பாகத்தான் இருந்தது. காந்தத்துக்கு நடுவே வைத்தால் மறுபடியும் சிவப்பு. எங்கே தப்பு என்றே புரியவில்லை. மேடத்தின் முகத்தைப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.

நேற்று சிதம்பரத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். மூன்று வருஷ உழைப்பு. உங்கள் அத்தையிடம் சொல்லிவிடுங்கள், நீங்கள் சொன்னதே நடக்கப்போகிறது, ஆடியோடு சரி. மாடி ரூமுக்கு வெள்ளையடியுங்கள்.

லேகா


கடலூர் முதுநகர்
7.8.2025

லேகாக் கண்ணு,

வெள்ளையடிக்கமாட்டேன். போ.

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. நீ பஸ்ஸில் அழுதாய் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நம் தெரு அம்மன் கோயிலுக்குப் போனேன். நாளை ஆடி வெள்ளி, கூழ் ஊற்றுகிறார்கள், மைக் செட் கட்ட வேண்டும். பந்தலில் தங்கம்மாள் அத்தை உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, ஆவணி ஒண்ணுக்கு வேன் சொல்லிட்டியா?" என்றார்.

இந்த முறை வடை இல்லை, அதனால் வாய் சும்மா இருந்தது. "அத்தை, லேகா படிப்ப நிறுத்தமாட்டா. அன்னிக்கி நான் சொன்னது தப்பு. அவளைக் கேக்காமயே சொல்லிட்டேன். ஆறு மாசம் ஆவட்டும், ஆறு வருசம் ஆவட்டும், அவ முடிக்கறப்பதான் முடியும். அவளுக்குத் தேதி குறிக்க நான் யாரு?" என்றேன்.

சொல்லும்போதே என் குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்டது. என்னடா இது என்று நினைப்பதற்குள், மீன் மார்க்கெட் முனையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து "நான் யாரு... யாரு..." என்று திரும்பி வந்தது. கையில் மைக். ஆன். தெரு முழுக்க நின்று கேட்டிருக்கிறது. ஒரு ஷேர் ஆட்டோவே நின்றுவிட்டது.

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். "அடப்பாவி! நான் இன்னாடா கேட்டேன்? எப்ப முடிப்பான்னுதான கேட்டேன்? டாக்டர் பட்டம் வாங்கினா எங்க ஓர்ப்படி பொண்ணுகிட்ட பெருமையா சொல்லலாமேன்னு கேட்டேன். வூட்ல இருப்பான்னு நீயாதான உளறுன!" அதுவும் மைக்கில் போயிற்று. அப்புறம் அம்மா வந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, "எம்மருமவ படிப்பா. எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆஃப் செய்தார். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ கை தட்டினார்கள்.

சொன்ன வார்த்தையை, சொன்ன ஆளிடம், சொன்ன வாயாலேயே எடுத்துவிட்டேன். சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. குழாய் நின்றாலும் நிற்காவிட்டாலும் உன் படிப்பு நிற்காது. அழாதே.

உன்
அருண்

அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். மருமகளுக்கு முதன்முதலாகப் போகிற சீர், வெறுமனே அனுப்பக்கூடாது என்று இரண்டு காந்தத்துக்கும் குங்குமம் வைத்திருக்கிறார். மேலே வைத்தால் நான் துடைத்துவிடுவேன் என்று நடு ஓட்டைக்குள் அப்பிவிட்டாராம். ஒரு சிமிழே காலி. உதிராமல் வந்து சேர்ந்ததா?


கீரப்பாளையம்
10.8.2025

மாமா! மாமா! என் தங்க மாமா!

சிவப்பு! அது குங்குமம்!

நேற்று காலை பஸ் ஏறப்போகும்போது தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். மைக் கதையைப் படித்து வழியெல்லாம் சிரிப்பும் அழுகையுமாக வந்தேன், பக்கத்து சீட் அம்மா, "மாசமா இருக்கியாம்மா?" என்றார். கடைசியில் இருந்த அந்த நாலு வரிக்கு வந்ததும் சீட்டிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து லேபுக்கு ஓடினேன், நேரே காந்தத்தின் ஓட்டைக்குள் விரலை விட்டேன். விரல் முழுக்க குங்குமம்! கறுப்புக் காந்தம், அரை இருட்டு அறை, எட்டிப் பார்க்கவே இல்லை நான். ஒவ்வொரு முறை காந்தத்தை நகர்த்தும்போதும் என் சொட்டில் கொட்டியிருக்கிறது. துருவும் இல்லை, மண்ணும் இல்லை. என் சரக்கு முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது!

மேடத்திடம் விரலைக் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நல்லவேளை, சந்தனம் வெக்கல" என்றார்.

காந்தங்களைக் கழுவித் துடைத்துக் காயவைத்து, புதுச் சொட்டு விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெள்ள, மெள்ள, மாமா, பந்தியில் இலை போட்டதும் கூட்டம் கலைந்து எல்லாரும் வரிசையாக உட்காருவார்களே, அப்படி உட்கார்ந்தன. ஒற்றைக் குழாய் எங்கள் மைக்ராஸ்கோப்பில் தெரியாது, ஆனால் நூறும் ஆயிரமுமாகச் சேர்ந்து மெல்லிய கறுப்புக் கோடுகளாக நின்றதைப் பார்த்தேன். ஒரு காந்தத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராக. காந்தங்களைச் சுற்றினால் கோடுகளும் கூடவே சுற்றுகின்றன. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், மனசு போதும் என்று சொல்லவே இல்லை. பிசினில் கலந்து இறுகவும் வைத்துவிட்டேன், காந்தத்தை எடுத்த பிறகும் கோடுகள் கலையவில்லை. கோடு போகிற பக்கம் கரண்ட் ஓடுகிறது, குறுக்கே திணறுகிறது. இதற்குத்தானே மூன்று வருஷம்!

போனைத் திறந்துவிட்டேன். ஆனால் 13 முடியும்வரை கூப்பிடாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு வேலை ஓடாது.

உங்கள் லேகா


கடலூர் முதுநகர்
12.8.2025

லேகா,

போனை எடுக்கிறேன், வைக்கிறேன். உத்தரவு மீறவில்லை. உன் கடிதத்தை மட்டும் தெருவிலிருக்கும் எல்லாருக்கும் படித்துவிட்டேன், மைக் இல்லாமல்.

ஆனால் அம்மா பயந்துபோய்விட்டார். "நல்லது செய்யறேன்னு புள்ள படிப்புலயே மண்ண போட்டுட்டேனே, அவ மேடம் திட்டியிருப்பாங்களா?" என்று கேட்டதையே கேட்கிறார், சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார். நீ ஒரு வார்த்தை சொன்னால்தான் ஆகும்.

நாளைக்கு ஜம்முனு பேசு. இந்த முறை நிஜமாகவே சொல்கிறேன்.

அருண்


கீரப்பாளையம்
13.8.2025

மாமா,

இதை அத்தைக்குப் படித்துக் காட்டுங்கள். சத்தமாக.

முடிந்தது. ஆய்வேட்டை எழுதித் தரலாம் என்று குழு சொல்லிவிட்டது. கோடுகள் திரும்புகிற வீடியோவை வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் இன்னொரு தரம் போடச் சொல்லிப் பார்த்தார்.

எங்கள் வழக்கப்படி, எந்தப் பொருளை எங்கே வாங்கினோம் என்று ஒரு பக்கம் காட்ட வேண்டும். அமிலம் இன்ன கம்பெனி, நுண்குழாய் இன்ன கம்பெனி என்று போட்டுக்கொண்டே வந்து கடைசி வரியில் போட்டிருந்தேன்: காந்தங்கள், அமிர்தம் சவுண்ட் சர்வீஸ், கடலூர் முதுநகர். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இது எந்த கம்பெனிம்மா, கேள்விப்பட்டதில்லையே?" என்றார். "என் மாமியார் பேர்ல நடக்குது சார்" என்றேன். அறையே சிரித்தது. ஆனால் பேரை எடுக்கச் சொல்லவில்லை. அத்தை, உங்கள் பேர் என் ஆய்வேட்டில் அச்சில் வரும். மேடம் திட்டவில்லை, உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். சாப்பிடுங்கள்.

செய்முறையிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "பயன்படுத்தும் முன் காந்தங்களின் உட்புறத்தை நன்கு கழுவித் துடைக்கவும்." பேராசிரியர் ஏன் என்று கேட்கவில்லை, மேடம்தான் குனிந்துகொண்டு சிரித்தார். இனி எந்த ஊரில் யார் இதைச் செய்தாலும் முதலில் காந்தத்தைக் கழுவுவார்கள்.

ஆவணி ஒன்றாம் தேதி ஞாயிறு. அத்தையையும் கூட்டிக்கொண்டு சீக்கிரமே வந்துவிடுங்கள், எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும், இதற்குமேல் என்னால் முடியாது. காந்தம் இரண்டையும் லேபிலேயே வைத்துக்கொள்கிறேன், இனி தினமும் வேலை இருக்கிறது.

தங்கம்மாள் அத்தை பந்தியில் கேட்ட "எப்பதான் முடிப்பா" கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. அதை நானே வந்து சொல்கிறேன். நீங்கள் மைக்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
லேகா